மனை வாங்கும் முன்: தரகர் சொல்வதையும் விளம்பரம் சொல்வதையும் சரிபார்ப்பது எப்படி?

முதன்முறையாக மனையோ வீடோ வாங்க இறங்குபவர்களிடம் இரண்டு எண்ணங்கள் ஊறிப்போயிருக்கின்றன. "புரோக்கர்னாலே ஏமாத்துவான்" என்பது ஒன்று. "நமக்குத் தெரிஞ்ச ஆளு, எல்லாம் அவரே பார்த்துப்பார்" என்பது இன்னொன்று. முதல் எண்ணம் உள்ளவர் 'ஓனர் நேரடி விற்பனை, தரகர்கள் தொடர்புகொள்ள வேண்டாம்' என்ற விளம்பரத்தை நம்பிப் போய், யாருமே சரிபார்க்காத பத்திரத்தில் பணம் போடுகிறார். இரண்டாமவர் வில்லங்கச் சான்றை (சொத்தின் மீது பதிவான கிரயம், அடமானம் போன்றவற்றைக் காட்டும் சான்று) கூடத் திறந்து பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கிறார். இரண்டிலும் போவது பல வருடச் சேமிப்பு.

தமிழ்நாட்டில் மனை, தனி வீடு, அடுக்ககம் வாங்குபவர்களுக்காக இதை எழுதுகிறோம். படிகளை வரிசையாகச் செய்யுங்கள். வரிசை மாறினால், முக்கியமாகப் பணம் முன்னாலும் காகிதம் பின்னாலும் போனால், மீதிப் படிகளால் பெரிய பயன் இருக்காது.

முதல் படி: தரகரின் வேலை எது, உங்கள் வேலை எது?

நல்ல தரகர் செய்யும் வேலை வெளியே தெரிவதில்லை. ஒரு தெருவில் கடைசியாக என்ன விலைக்கு முடிந்தது என்பது அவருக்குத் தெரியும். விற்பவர் வீட்டில் மூன்று அண்ணன் தம்பிகள், திருமணமாகிப் போன இரண்டு தங்கைகள் என்றால், ஐந்து பேரையும் ஒரே நாளில் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டி வருவது அவர் பொறுப்பு. தொலைந்துபோன மூலப் பத்திரத்துக்கு நகல் வாங்கச் சொல்வார், பட்டாவில் இன்னும் தாத்தா பெயர்தான் இருக்கிறது என்று முன்கூட்டியே எச்சரிப்பார். கமிஷன் இந்த உழைப்புக்குத்தான்.

சொத்தின் உரிமைக்கு உத்தரவாதம் தருவது அவர் வேலை இல்லை. அவரால் அது முடியவும் முடியாது. உரிமையை ஆராய்வது உங்கள் வக்கீலின் வேலை. 'உங்கள்' என்பதை அழுத்திச் சொல்கிறோம். தரகரோ புரமோட்டரோ (மனை, வீட்டுத் திட்டத்தை உருவாக்கி விற்பவர்) அழைத்துவரும் வக்கீல் தரும் லீகல் ஒப்பீனியன், அழைத்து வந்தவருக்காக எழுதப்பட்டதாகவும் இருக்கலாம். வங்கிக்கும் இதே கணக்குதான். "பேங்க்ல லோன் சாங்ஷன் ஆயிடுச்சு, அப்போ டாக்குமெண்ட் கிளியர்" என்று பலர் நிம்மதியடைகிறார்கள். வங்கி ஆராய்வது தன் கடன் திரும்பி வருமா என்பதை. பின்னால் வழக்கு வந்தாலும் தவணை கட்ட வேண்டியவர் நீங்கள்.

இதைவிட ஆழமாக வேரோடிய தவறான எண்ணம், பத்திரம் பதிவாகிவிட்டால் அரசே உரிமையை உறுதி செய்துவிட்டது என்பது. நம் நாட்டில் பதிவாவது ஆவணம்தான். எழுதிக் கொடுப்பவருக்கு உண்மையிலேயே உரிமை இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்வது சார்பதிவாளரின் அதிகாரத்தில் இல்லை. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

இரண்டாம் படி: தரகரைச் சரிபார்ப்பது

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு செய்யப்பட வேண்டிய திட்டங்களில் புரமோட்டருக்காக மனையோ வீடோ விற்றுத் தரும் முகவர் ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிவு செய்திருக்க வேண்டும். தமிழ்நாட்டு ரெரா இணையதளத்தில் முகவர்களின் பட்டியல் இருக்கிறது. எண்ணை மட்டும் கேட்டு வாங்கித் திருப்தியடையாதீர்கள். அந்த எண்ணுக்கு நேரே இருக்கும் பெயரும் உங்கள் முன் உட்கார்ந்திருப்பவரின் பெயரும் ஒன்றா, பதிவு இன்னும் காலாவதியாகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒருவர் பெயரில் எண் வாங்கி ஊரெல்லாம் விசிட்டிங் கார்டு அடிப்பதும் உண்டு.

பதிவு செய்த முகவர் பதிவில்லாத திட்டத்தை விற்கக் கூடாது. இல்லாத வசதியை இருப்பதாகச் சொல்லவும் கூடாது. புக்கிங் நேரத்தில் உங்களுக்கு உரிமையுள்ள தகவல்களும் ஆவணங்களும் உங்கள் கைக்கு வர அவர் உதவ வேண்டும். மீறினால் ஒவ்வொரு நாளுக்கும் 10,000 ரூபாய், மொத்தத்தில் அந்த மனை அல்லது வீட்டின் விலையில் 5 சதவீதம் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. "டாக்குமெண்ட்டெல்லாம் அட்வான்ஸ் கொடுத்தப்புறம்தான் காட்டுவோம்" என்று சொல்பவரிடம் இதை நினைவுபடுத்துங்கள்.

ஆனால் ரெரா எல்லாவற்றுக்கும் பொருந்தாது. ஒருவர் தன் பழைய வீட்டையோ தனி மனையையோ மறுவிற்பனை செய்யும்போது, இடையில் நிற்கும் ஊர்த் தரகருக்கு ரெரா எண் கட்டாயமில்லை. எண் இல்லை என்பதற்காக அவரைத் திருடனாக நினைக்க வேண்டாம். அவரிடம் கேட்க வேண்டியது வேறு: கடந்த ஓராண்டில் அவர் முடித்துக் கொடுத்த இரண்டு கிரயங்களின் ஆவண எண், ஆண்டு, சார்பதிவகத்தின் பெயர். பதிவுத்துறை இணையதளத்தில் தேடினால் அந்தக் கிரயம் உண்மையா என்று தெரிந்துவிடும். வாங்கியவரிடம் ஒரு முறை பேச முடிந்தால் இன்னும் நல்லது.

கமிஷனை முதல் சந்திப்பிலேயே பேசி முடியுங்கள். சதவீதத்தைச் சட்டம் நிர்ணயிக்கவில்லை. வழக்கத்தில் விற்பனைக்கு ஒவ்வொரு தரப்பிலும் 1 முதல் 2 சதவீதம், வாடகைக்கு ஒரு மாத வாடகை. கேட்டுத் தெளிய வேண்டியவை: விற்பவரிடமும் வாங்குகிறாரா, நடுவில் எத்தனை பேர், பணம் எப்போது? ஒரே மனைக்கு நான்கைந்து மீடியேட்டர்கள் சங்கிலியாக நிற்பது சகஜம். பதிவு நாளன்று ஒவ்வொருவரும் கை நீட்டினால் அந்த இடத்திலேயே சண்டை. 'மொத்தக் கமிஷன் இவ்வளவு, இன்னாருக்கு மட்டும், பாதி அக்ரிமெண்ட் அன்று, மீதி கிரயம் முடிந்ததும்' என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி, அவர் 'சரி' என்று பதில் போடும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையான கேடு கமிஷனில் இல்லை, மேல் வைத்து விற்பதில் இருக்கிறது. ஓனர் 28 லட்சம் கேட்டால் உங்களிடம் 32 என்பது, நடுவில் உள்ள 4 லட்சத்தைத் தானே வைத்துக்கொள்வது. இதற்கு மருந்து எளிது. விலை பேசும் கடைசிச் சுற்றில் ஓனரும் நீங்களும் நேருக்கு நேர் உட்கார வேண்டும். இதற்குச் சம்மதிக்காத தரகரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

மூன்றாம் படி: விளம்பரத்தை வரி வரியாகப் பிரிப்பது

நாளிதழின் வார இறுதிப் பக்கத்திலும் யூடியூபிலும் தினமும் காணும் மாதிரி ஒன்றை எடுத்துக்கொள்வோம்: "டிடிசிபி மற்றும் ரெரா அப்ரூவ்டு மனைகள். ஜிஎஸ்டி ரோட்டிலிருந்து 10 நிமிடம். சதுர அடி 999 முதல். 100% வங்கிக் கடன். வரவிருக்கும் மெட்ரோ அருகில்."

'டிடிசிபி அப்ரூவ்டு': டிடிசிபி என்பது நகர் ஊரமைப்பு இயக்ககம். அனுமதி எண்ணைக் கேளுங்கள். "அப்ளை பண்ணியாச்சு, அடுத்த மாசம் வந்துடும்" என்றால் அனுமதி இல்லை என்று பொருள். எண் கிடைத்தால் அங்கீகரிக்கப்பட்ட லேஅவுட் வரைபடத்தை வாங்கி, நீங்கள் பார்த்த மனை எண் அதில் இருக்கிறதா, அளவு அதேதானா என்று ஒப்பிடுங்கள். பூங்காவுக்கும் பொதுப் பயன்பாட்டுக்கும் ஒதுக்கிய இடத்தை மனையாக வெட்டி விற்ற வழக்குகள் நிறைய. 10,000 சதுர மீட்டரைத் தாண்டும் லேஅவுட்டில் சாலை போக 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் தானப் பத்திரத்தின் எண்ணையும் கேளுங்கள். 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற சொல்லைக் கேட்டாலே விலகுங்கள். லேஅவுட்டுக்கு அனுமதி தருவது நகர் ஊரமைப்பு இயக்ககமும், சென்னைப் பெருநகரப் பகுதியில் சிஎம்டிஏவும் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்). அனுமதியற்ற மனைகளின் பதிவுக்குத் தடை வந்தது 2016இல். 2017ஆம் ஆண்டின் வரன்முறை விதிகள், 2016 அக்டோபர் 20 வரை பதிவான மனைகளைக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. அதற்குப் பிறகு வெட்டிய அனுமதியற்ற மனையை "ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்" என்று ஒருவர் சொன்னால், எந்த அரசாணைப்படி என்று கேளுங்கள்.

'ரெரா அப்ரூவ்டு': ரெரா அங்கீகாரம் தருவதில்லை, பதிவு செய்கிறது. 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலத்துக்கும், எட்டுக்கு மிகாத வீடுகள் கொண்ட கட்டடத்துக்கும் பதிவிலிருந்து விலக்கு உண்டு. மற்ற திட்டங்களின் விளம்பரத்தில் பதிவு எண்ணும் ரெரா இணையதள முகவரியும் இருந்தாக வேண்டும். எண் இல்லாத விளம்பரம் என்றால் அங்கேயே ஒரு விதிமீறல் நடந்துவிட்டது. எண் இருந்தால் இணையதளத்தில் திறந்து, முடிக்க வேண்டிய தேதியையும் பதிவேற்றிய வரைபடங்களையும் பாருங்கள். விளம்பரத்தையும் துண்டுப் பிரசுரத்தையும் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். அதில் சொன்ன பொய்யை நம்பிப் பணம் கட்டினால், இழப்பீடு கேட்கவும், விலகிக்கொள்ள நினைத்தால் கட்டிய முழுத் தொகையையும் வட்டியோடு திரும்பக் கேட்கவும் அதே சட்டம் வழி செய்கிறது. நீச்சல் குளம் படம் போட்ட அந்த வழவழப்பான காகிதம் உங்களுக்குச் சாட்சி.

'10 நிமிடம்': ஞாயிறு காலை சைட் விசிட் காரில் போன நேரம் அது. வேலை நாள் காலை எட்டரை மணிக்கு உங்கள் வண்டியில் போய்ப் பாருங்கள். மழைக்காலத்தில் இன்னொரு முறை போனால், தேங்கும் தண்ணீர் கண்ணில் படும்.

'999 முதல்': அந்த விலைக்கு ஒரே ஒரு மூலை மனை இருக்கும், அதுவும் விற்றுப்போயிருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது, குறிப்பிட்ட மனை எண்ணுக்குப் பதிவுச் செலவு நீங்கலாக மொத்தத் தொகை எவ்வளவு என்பது.

'100% வங்கிக் கடன்': வீட்டுக் கடனில் சொத்து மதிப்பில் இத்தனை சதவீதம்தான் தரலாம் என்று ரிசர்வ் வங்கி வரம்பு வைத்திருக்கிறது. 30 லட்சம் வரையிலான கடனுக்கு 90 சதவீதம், 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. முழுத் தொகையும் கடன் என்று ஒருவர் சொன்னால், மதிப்பை உயர்த்திக் காட்டப் போகிறார் என்று பொருள். அந்தப் பொய்யான பத்திரத்தில் கையெழுத்துப் போடப் போவது நீங்கள்.

நான்காம் படி: 'வரப்போகுது' செய்திகள்

இங்கேதான் ஊடகம் அதிகம் குழப்புகிறது. அரசுத் திட்டம் ஒன்று கடந்தாக வேண்டிய கட்டங்கள் இவை: அறிவிப்பு, விரிவான திட்ட அறிக்கை, நிர்வாக ஒப்புதல் அரசாணை, நிதி, நில எடுப்பு அறிவிக்கை, டெண்டர், வேலை. செய்தித் தலைப்பில் எல்லாக் கட்டங்களும் 'வருகிறது' என்ற ஒரே சொல்லாகிவிடும். கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2013இல் அறிவிக்கப்பட்டது, அடிக்கல் 2019இல், திறந்தது 2023 டிசம்பர் 30 அன்று. மதுரை தோப்பூர் எய்ம்ஸுக்கு அடிக்கல் 2019 ஜனவரியில் நாட்டினார்கள். கட்டுமானம் 2024இல்தான் தொடங்கியது. கோவை, மதுரை மெட்ரோ ரயில் முன்மொழிவுகளை 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பியது. இந்தப் பெயர்களைச் சொல்லி மனை விற்றவர்கள் எத்தனை பேர் என்று அந்தந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். எனவே திட்டம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதற்கு அரசாணை எண்ணைக் கேளுங்கள். நில எடுப்பு அறிவிக்கை வந்திருந்தால், உங்கள் சர்வே எண்ணே அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது அதைவிட முக்கியம்.

சட்டச் செய்திகளிலும் இதே குழப்பம். 2025 மே மாதம் மத்திய நில வளத் துறை, 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்துக்குப் பதிலாகக் கொண்டுவர எண்ணிய மசோதாவின் வரைவைப் பொதுமக்கள் கருத்துக்காக வெளியிட்டது. வரைவு சட்டமாகாது. மசோதா, சட்டம், விதி, சுற்றறிக்கை நான்கும் வேறு வேறு. 'இன்று முதல் பத்திரப் பதிவு செல்லாது' என்ற வாட்ஸ்அப் தகவல் வந்தால், பதிவுத்துறை இணையதளத்தில் பதிவுத்துறைத் தலைவரின் சுற்றறிக்கை இருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்தவருக்கு அனுப்புங்கள்.

'இந்த ஏரியாவில் விலை 30 சதவீதம் ஏறியது' என்ற செய்தியைப் படித்தால், அது கேட்ட விலையா, முடிந்த விலையா என்று பாருங்கள். விற்பனை இணையதளங்களின் கணக்கு பெரும்பாலும் விற்பவர்கள் கேட்கும் விலையை வைத்துப் போடப்படுகிறது. யூடியூபில் மனையைச் சுற்றிக் காட்டுபவர் பணமோ வேறு பயனோ பெற்றிருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. வீடியோ முழுக்க அதைப் பற்றிய பேச்சே வராமல், கடைசியில் புரமோட்டரின் தொலைபேசி எண் மட்டும் வந்தால், அதை விளம்பரமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். நாளிதழில் செய்தி போலவே அச்சாகும் 'சிறப்புப் பகுதி'யும் அப்படித்தான்.

ஐந்தாம் படி: வில்லங்கமும் பட்டாவும்

உண்மையான விலையை அறிய ஒரு வழி உண்டு, பலர் இதைச் செய்வதில்லை. பதிவுத்துறை இணையதளத்தில் நீங்கள் வாங்கப்போகும் மனைக்கு மட்டுமின்றி, அக்கம்பக்கத்து சர்வே எண்களுக்கும் கடந்த இரண்டு ஆண்டு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பார்வையிடக் கட்டணம் இல்லை. ஒவ்வொரு பதிவின் கீழும் 'கைமாற்றுத் தொகை', 'சந்தை மதிப்பு' என்று இரண்டு எண்கள் இருக்கும். பதிவில் குறைத்துக் காட்டும் பழக்கம் இருப்பதால் கைமாற்றுத் தொகையை அப்படியே நம்ப முடியாது. ஆனாலும் தரகர் சொல்லும் விலை அதைப்போல் மூன்று மடங்கு இருந்தால் காரணம் கேட்க உங்களுக்கு ஓர் ஆதாரம் கிடைக்கும்.

உங்கள் சொத்துக்கு வில்லங்கத்தைக் குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் போடுங்கள். தேடும்போது நடக்கும் பெரிய தவறு, இன்றைய உட்பிரிவு எண்ணை மட்டும் கொடுப்பது. இன்று 123/1ஏ2 என்று இருப்பது பத்து வருடத்துக்கு முன் 123/1 ஆக இருந்திருக்கும். பழைய எண்ணில் ஒரு அடமானம் தூங்கிக்கொண்டிருக்கும், புது எண்ணில் தேடினால் 'வில்லங்கம் இல்லை' என்றே வரும். எனவே பழைய எண், புது எண் இரண்டிலும் தேடுங்கள். அந்தக் கிராமம் முன்பு வேறு சார்பதிவகத்தின் கீழ் இருந்ததா என்றும் கேளுங்கள். ஒவ்வொரு அடமானத்துக்கும், பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்த ஒவ்வொரு பதிவுக்கும், பின்னால் கடன் தீர்ந்ததற்கான ஒரு ரசீது பதிவு இருக்க வேண்டும். இல்லையென்றால் கடன் இன்னும் நிற்கிறது. பதிவாகாத உயில், வாரிசுகளின் பங்கு, நடந்துகொண்டிருக்கும் வழக்கு ஆகியவற்றை வில்லங்கச் சான்றை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அதற்குத்தான் வாரிசுச் சான்றிதழும், விற்பவர் பெயரில் நீதிமன்ற இணையதளத்தில் தேடுவதும்.

பட்டாவை விற்பவர் தரும் ஜெராக்ஸில் பார்க்காமல், அரசின் இணைய சேவையில் நீங்களே எடுங்கள். பரப்பு ஹெக்டேர், ஏரில் இருக்கும். '0 - 4.50' என்றால் 4.5 ஏர், அதாவது 450 சதுர மீட்டர், சுமார் 4,844 சதுர அடி, 11 சென்டுக்குச் சற்று மேல். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஒரு கிரவுண்டு 2,400. தரகர் "12 சென்ட் இருக்கும்" என்றால் அந்த முக்கால் சென்டுக்கு மேலான வித்தியாசத்துக்கும் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள். சென்ட் 5 லட்சம் என்றால் சதுர அடி 1,148 ரூபாய். இந்தக் கணக்கை அங்கேயே போனில் போட்டுப் பாருங்கள். புலப்படத்தை (நிலத்தின் அளவுகளைக் காட்டும் வரைபடம்) எடுத்து, சர்வேயரை வைத்து நான்கு பக்கமும் அளந்து கல் நட்ட பிறகே அட்வான்ஸ்.

பவர் வைத்திருப்பவர் விற்றால் கூடுதல் கவனம். அந்த அதிகாரப் பத்திரம் ரத்தாகவில்லையா, எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள்; அவரோடு நேரிலோ வீடியோவிலோ பேசாமல் மேலே போக வேண்டாம். பவர் பத்திரம் வாங்கினாலே சொத்து கைமாறியதாக ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011இலேயே சொல்லிவிட்டது.

ஆறாம் படி: பணம்

டோக்கன் அட்வான்ஸ் ஓனர் கணக்குக்குத்தான் போக வேண்டும், தரகர் கணக்குக்கு ஒருபோதும் கூடாது. பல மோசடிகளும் பல வீண் சண்டைகளும் இந்த ஒரு இடத்தில்தான் தொடங்குகின்றன. ரசீதில் சர்வே எண், மனை எண், பரப்பு, பேசிய விலை, கெடு தேதி, ஆவணத்தில் குறை தெரிந்தால் முழுத் தொகையும் திரும்ப வரும் என்ற வாசகம் எல்லாம் இருக்க வேண்டும். சொத்துப் பரிமாற்றத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. காசோலையோ வங்கிப் பரிமாற்றமோதான் வழி.

புரமோட்டர் என்றால், எழுதிப் பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. தமிழ்நாட்டில் தனிநபர்களுக்கிடையே எழுதும் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். "அதுக்கு எதுக்கு செலவு, வெள்ளைப் பேப்பர்ல எழுதிக்கலாம்" என்ற யோசனையை ஏற்காதீர்கள்.

செலவுக் கணக்கை முதலிலேயே போடுங்கள். மனைக் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வழிகாட்டி மதிப்பு (அரசு நிர்ணயித்த மதிப்பு), கிரயத் தொகை இரண்டில் எது அதிகமோ அதன் மேல். 30 லட்சம் மனைக்கு 2 லட்சத்து 70 ஆயிரம். கமிஷன் 2 சதவீதம் என்றால் இன்னொரு 60,000. வக்கீல், சர்வேயர், பட்டா மாற்றம் தனி. 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. கிரயத் தொகை 50 லட்சத்தை எட்டினால், விற்பவருக்குக் கொடுக்கும் பணத்திலிருந்து ஒரு சதவீதத்தை வரியாகப் பிடித்து நீங்கள்தான் கட்ட வேண்டும். இதைத் தரகர்கள் பலர் சொல்வதில்லை. நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

கிரயம் முடிந்த அன்றே மூலப் பத்திரங்கள் அனைத்தையும் பட்டியலிட்டு, கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். மீதிக் கமிஷனைக் கொடுப்பது அதன் பிறகு. சில வாரம் கழித்து உங்கள் பெயரில் பட்டா மாறியதா என்று இணையத்தில் பாருங்கள். உட்பிரிவு தேவைப்படும் சொத்தில் சர்வேயர் வந்து அளக்க வேண்டியிருப்பதால் தாமதமாகும், அதுவரை விண்ணப்ப எண்ணை வைத்துத் தொடருங்கள்.

ஏதாவது தவறு நடந்துவிட்டால், பதிவு பெற்ற திட்டம் அல்லது முகவர் மீது ரெராவிலும், போலிப் பத்திரம், ஆள்மாறாட்டம் என்றால் மாவட்டக் குற்றப் பிரிவிலும் புகார் கொடுக்கலாம். இரண்டு இடத்திலும் முதலில் கேட்பது காகிதம். விளம்பரம், ரசீது, வங்கிப் பரிமாற்றம், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் முதல் நாளிலிருந்தே போட்டு வையுங்கள்.